மழைக்கு முந்தி ஒரு சொம்புத் தண்ணீர்

போன வருஷம், 2025 மே மாதக் கடைசி. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள் இருந்தது. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், அத்தை என்னைத் தட்டி எழுப்பினார். "கண்ணு, கூரை ஒழுகுது பாரு. மேலெல்லாம் தெறிக்குது."

சாயங்காலம் ஒரு மழை கொட்டி ஓய்ந்திருந்தது. அதற்கப்புறம் காற்றே இல்லை, புழுக்கம் தாங்காமல்தான் ஏசியைப் போட்டுப் படுத்திருந்தோம். தூக்கக் கலக்கத்தில் நானும் கூரைதான் ஒழுகுகிறது என்று நினைத்து லைட்டைப் போட்டுப் பார்த்தேன். கான்கிரீட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஏசியின் இண்டோர் பெட்டி இருக்கிறதே, அதன் இடது மூலையிலிருந்து தண்ணீர் சுவரோடு சுவராக ஒரு கோடாக இறங்கி, கீழே மாட்டியிருந்த மாமாவின் போட்டோ சட்டத்துக்குப் பின்னால் போய், அங்கிருந்து அத்தை கட்டிலின் தலைமாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. ஏசியை நிறுத்தி, மெயினில் அதற்குரிய சுவிட்சையும் தள்ளிவிட்டு, கட்டிலை இழுத்துப் போட்டு, ஒரு வாளியை வைத்தேன். நிறுத்திய பிறகும் அரைமணி நேரம் சொட்டியது.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், பத்து நிமிஷம் வண்டி ஓட்டினால் தமிழ்நாடு. மேற்கு மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன வாசல்தான் பாலக்காட்டுக் கணவாய், அந்த வாசலில் குடியிருப்பவர்கள் நாங்கள். மார்கழி, தை மாதங்களில் கிழக்கே இருந்து வறண்ட காற்று விசிறி அடிக்கும், ஆனி ஆடியில் மேற்கே இருந்து ஈரக்காற்று ஊதும். கேரளம் என்றால் எப்போதும் மழை என்று நினைப்பவர்கள் வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் ஏப்ரலில் வந்து பார்க்க வேண்டும். பனைமரமும் வெடித்த கரிசலும், தண்ணீர் லாரிக்காக வாசலில் வரிசை கட்டிய குடங்களும்தான் இருக்கும்.

நாங்கள் ஏசி வாங்கியது 2024ஆம் வருஷத்து வெயிலில். அந்த ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை கொடுத்தார்கள், 41 டிகிரிக்கு மேல் போனது. 2016 ஏப்ரலில் 41.9 பதிவானதை நினைவு வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். ஆனால் 2024இல் ராத்திரியும் இறங்கவில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, விடிய விடிய அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அத்தைக்கு அப்போது 74 வயசு, ரெண்டு நாள் தலைசுற்றி விழுந்த பிறகு வேறு யோசனைக்கு இடமில்லை. மே 2ஆம் தேதி மாநிலத்தின் மின்சாரத் தேவை உச்ச நேரத்தில் 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. ஏசியை 26 டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள் என்று மின்சார வாரியமே கேட்டுக்கொண்டது. நாங்கள் அன்றிலிருந்து 26தான் வைக்கிறோம், ஃபேனை ஒன்றில் ஓடவிட்டால் அதுவே போதும்.

கசிவுக்கு வருகிறேன். மறுநாள் பக்கத்து டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறக்கவில்லை, ஃபில்டரை மட்டும் உருவித் தட்டிவிட்டு, "கேஸ் கம்மியாயிருக்குங்க, அதான் தண்ணி விடுது" என்றார். கேஸ் ஏற்றி, 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதோடு கசிவு நின்றுவிட்டது என்று நாங்களும் நம்பினோம். உண்மை என்னவென்றால், அடுத்த நாலைந்து நாள் மழை வலுத்துப் பெய்ததால் நாங்கள் ஏசியே போடவில்லை. ஜூன் ரெண்டாம் வாரம் மழை விட்டுப் புழுக்கம் வந்தது, ஏசியைப் போட்டோம், மறுபடி அதே கோடு, அதே சுவர்.

இரண்டாவதாக வந்தவன் வண்ணாமடைப் பக்கத்துப் பையன், நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனிடம் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன்.

கேஸ் விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "டீச்சர், ரூம் நல்லா கூல் ஆவுதுங்களா?"

"ஆகுதே."

"அப்பறம் எங்கீங்க கேஸ் போச்சு? வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற சமாச்சாரம் இல்லீங்க அது. மூடுன குழாய்க்குள்ளயே சுத்திட்டு இருக்கறது. குறைஞ்சா எங்கியோ ஓட்டை இருக்குதுன்னு அர்த்தம். ஓட்டையக் காட்டாம கேஸ் அடிச்சா ஒத்துக்காதீங்க."

இந்த ஒரு வாக்கியத்தை எழுதி ஏசி இருக்கிற எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒட்டலாம். கேஸ் குறைந்தால் தண்ணீர் ஒழுகும் என்பது பொய்யல்ல. குறைந்தால் உள்ளே இருக்கும் கூலிங் காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, அதன் மேல் ஐஸ் கட்டும். நிறுத்தும்போது அந்த ஐஸ் மொத்தமாக உருகி ட்ரே கொள்ளாமல் வழியும். ஆனால் அதற்கு முன் அறை சரியாகக் குளிராது, ஃபில்டரைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளையாக உறைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அழுக்கேறிய ஃபில்டரும் இதையே செய்யும், காற்று போக வழியில்லாமல் காயில் உறையும். எங்கள் வீட்டில் ஐஸும் இல்லை, குளிர்ச்சியும் குறையவில்லை.

அவன் நேராகப் பின்பக்கம் போனான். ட்ரெய்ன் பைப்பின் முனை எங்கே முடிகிறது என்று பார்த்தான். முனை எங்கள் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் வாளிக்குள் முக்கால் அடி தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. வாளி வைத்தது நான்தான். தண்ணீருக்குத் தவமிருக்கும் ஊரில், சும்மா மண்ணில் போகிற தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுவது எல்லார் வீட்டிலும் நடப்பது. முனை தண்ணீருக்குள் மூழ்கினால் பைப்புக்குள் காற்று சிக்கிக்கொள்ளும், மேலிருந்து வருகிற தண்ணீரை இறங்க விடாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வாளி வைக்கலாம், முனை மட்டும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலேயே நிற்க வேண்டும்.

அடுத்து முனையில் ஒரு சின்னப் பம்ப்பைப் பொருத்தி உறிஞ்சினான். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு 'பொளக்' என்று ஒரு சத்தம். வந்து விழுந்ததைப் பார்த்து எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஊறவைத்த சப்ஜா விதையை நசுக்கிப் பிசைந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு கொழகொழப்பு, சாம்பல் கலந்த பழுப்பு நிறம், நீளமாக ஒரு புழுவைப் போல பைப்பின் வடிவத்திலேயே வந்து கிடந்தது. அதற்குள் செத்த எறும்புகள், ஒரு கரப்பான் கால், தலைமுடி, துணி நூல். பின்னாலேயே ட்ரேயில் தேங்கியிருந்த தண்ணீர் கடகடவென்று இறங்கியது. "இதாங்க டீச்சர் உங்க கேஸு" என்றான்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே எங்கும் இணைப்பு இல்லாத ஒரு பெட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் வருவது என் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்ல நல்ல பாடம். 30 டிகிரிச் சூட்டில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் வரை நீராவியைத் தாங்கும். அதையே 15 டிகிரிக்குக் குளிர்வித்தால் 13 கிராம்தான் தாங்கும், மிச்சம் தண்ணீராக விழுந்தாக வேண்டும். எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு, உயரம் பத்தடி. மழைக்காலத்து 75 சதவீத ஈரத்தில், கதவைச் சாத்திய அந்த அறையின் காற்றில் மட்டும் முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது. நாம் விடுகிற மூச்சும், கதவிடுக்கு வழியாக வருகிற காற்றும் அதை நிரப்பிக்கொண்டே இருக்கின்றன. ஐஸ் தண்ணீர் ஊற்றிய பித்தளைச் சொம்பு வெளியே வேர்க்கிறதே, அதே வேலையைத்தான் காயில் செய்கிறது.

ஏசி பிறந்த கதையே இதுதான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் நீண்டு சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக உட்காராமல் போனது. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வகுத்த அமைப்பிலிருந்துதான் இன்றைய ஏசி வந்தது. மனுஷனுக்குக் குளிர்ச்சி தர அல்ல, காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கத்தான் அவர் முதலில் முனைந்தார். ஆகவே ஏசி தண்ணீர் விடுவது கோளாறு கிடையாது. அந்தத் தண்ணீர் வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்புவதுதான் கோளாறு.

ஏன் ஏப்ரலில் ஒழுகாமல் மே கடைசியில் ஒழுகியது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருந்தது. எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் காற்று காய்ந்து கிடக்கும். ராத்திரி முழுக்க ஓடினாலும் பெயிண்ட் வாளியின் அடி மறைகிற அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். மழை தொடங்கியதும் அதே வாளி காலையில் பாதிக்கு மேல் நிறைந்துவிடும், நான் சொம்பால் அளந்தபோது ஆறு லிட்டருக்கு மேல் இருந்தது. கோடையெல்லாம் ட்ரேயில் சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரில் தூசி ஊறி, காய்ந்து, மறுபடி ஊறிச் சளியாகப் பைப்பில் படிந்திருக்கிறது. குறைந்த தண்ணீருக்கு அந்தச் சந்து போதுமாக இருந்தது. இடவப்பாதி மழை வந்து தண்ணீர் பல மடங்கானதும் அடைத்துக்கொண்டது. போன வருஷம் தென்மேற்குப் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்துக்கு வந்துவிட்டது, வழக்கமான ஜூன் 1க்கு எட்டு நாள் முன்னால், 2009க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரமாக. எங்கள் அறைக்குள் ஒழுகியது அதற்கு அடுத்த சில நாட்களில்.

எல்லோரும் வெயில் தொடங்குமுன் பிப்ரவரியில் சர்வீஸ் செய்கிறார்கள். நம் பக்கத்தில் மே நடுவில் ட்ரெய்ன் பைப்பை ஒருமுறை பார்ப்பது அதைவிட அவசியம் என்பது என் துணிந்த முடிவு.

பையன் இன்னும் ரெண்டு விஷயம் பார்த்தான். இண்டோர் பெட்டியின் மேல் ரசமட்டத்தை வைத்தான். குமிழி நடுவில் நிற்காமல் பைப் இருக்கும் பக்கமாகவே ஒதுங்கி நின்றது, அதாவது அந்தப் பக்கம் தூக்கி, எதிர்ப்பக்கம் ஒரு நூல் இறங்கியிருந்தது. தண்ணீர் ஓட வேண்டிய பக்கம் மேடாக இருந்தால் ட்ரேயில் எப்போதும் கொஞ்சம் தேங்கித்தான் நிற்கும். மாட்டும்போதே நடந்த தப்பு, பின்தகட்டுக்கு ஒரு ஆப்பு கொடுத்துச் சரிசெய்தான். இன்னொன்று, சுவரைத் துளைத்துப் போகும் செம்புக் குழாய்களின் மேல் கறுப்பு ஸ்பாஞ்சு சுற்றியிருப்பார்களே, அது ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அங்கே குழாய் வேர்த்து, அந்தத் தண்ணீரும் சுவர்த் துளைக்குள் போயிருக்கிறது. ட்ரெய்ன் பைப் சரியாக இருந்தாலும் இந்த ஒரு கிழிசல் போதும் சுவர் ஓதம் அடிக்க. வெளியே போகிற பைப் நடுவில் தொங்கி வளைந்து கிடந்தாலும் அந்த வளைவில் சேறு சேரும், சரிவு ஒரே சீராக இருக்க வேண்டும். முனையில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் எறும்பும் கரப்பானும் ஏறாது, ஆனால் மாதம் ஒருமுறை வலையையும் அலச வேண்டும்.

எல்லாம் முடிந்தது, ஒழுகல் நின்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜூன் கடைசி வாரம் அந்த அறைக்குள் நுழைந்தால் ஒரு வாசனை. மூடிவைத்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வருமே, அது. அத்தைக்கு ராத்திரியானால் இருமல், விடியற்காலையில் இழுப்பு. மழைக்காலச் சளி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடிக்க மாமாவின் போட்டோவைக் கழற்றினேன். அது ஸ்டூடியோவில் எடுத்து, கையால் வண்ணம் தீட்டிய பழைய படம், வேறு பிரதி இல்லை. கண்ணாடிக்கு உள்பக்கம், அவருடைய இடது தோளிலிருந்து காது வரைக்கும், வெள்ளைச் சாமந்தி மாதிரி வட்ட வட்டமாக ஏதோ பூத்திருந்தது. சட்டத்தின் பின் அட்டை தொட்டதும் நொதநொதவென்று கையோடு வந்தது. சுவரில் அந்தச் சட்டம் இருந்த இடத்தில் செவ்வகமாகக் கறுப்புப் புள்ளிகள், மிளகுப்பொடி தூவின மாதிரி. பீரோவை இழுத்தால் அதன் பின்னாலும் இடுப்பளவுக்கு அதே புள்ளிகள். அத்தை போட்டோவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் துடைக்கப் போனார். நான் சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டேன், ஈரத்தில் துடைத்தால் முகமே போய்விடும் என்று எங்கோ படித்த ஞாபகம்.

மூணாறில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். பூசணம் என்றால் எங்கள் குடும்பத்தில் அவளைத்தான் கேட்க வேண்டும். கல்யாணமாகி எஸ்டேட் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, போய் 26 வருஷம். மழை தொடங்கினால் மாதக்கணக்கில் வெயில் முகம் பார்க்காத இடம், ஏசி என்ற பொருளையே யாரும் வாங்காத இடம். ஆனால் சுவரில் பூப்பது மட்டும் இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான்.

"துடைச்சியா?" என்றாள் முதலில்.

"இன்னும் இல்லக்கா. ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் துடைக்கலாம்னு இருக்கேன்."

"துடைக்கறது கெடக்கட்டும். தண்ணி இன்னும் எங்க இருந்து வருதுன்னு பாத்தியா? தண்ணிய நிறுத்தாம நீ எத்தன தடவ துடைச்சாலும் அது மறுபடி பூக்கும்டி. நாங்க பாக்காததா?"

அவள் சொன்னபடி சுவரில் கை வைத்துப் பார்த்தேன். ஒழுகல் நின்று இரண்டு வாரம் ஆகியும் பீரோவுக்குப் பின்னால் சில்லென்றுதான் இருந்தது. காற்றே போகாத இரண்டு விரல் சந்து, வெளிச்சுவர், பக்கத்தில் ஏசியின் குளிர். பூசணத்தின் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது, அதை வீட்டுக்குள் வராமல் தடுக்க யாராலும் முடியாது. அதற்கு ஈரம் மட்டும்தான் வேண்டும். நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாளுக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூக்காது. பெயிண்டும் அட்டையும் தூசியும் அதற்குச் சாப்பாடு. 30 டிகிரியில் 75 சதவீத ஈரமுள்ள காற்று, 25 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதைத் தொட்டாலும் வேர்க்கும். இங்கே ஏசிக் குளிர்ச்சியில் கிடந்த சுவர், அங்கே மலைக் குளிரில் கிடக்கிற சுவர், ரெண்டுக்கும் கணக்கு ஒன்று.

அக்கா சொன்ன இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "உப்பு ஜாடியப் பாரு" என்றாள். கல்லுப்பு நசநசத்து அடியில் தண்ணீர் கட்டினால் துணிப்பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது லயத்துப் பெண்களின் கணக்காம். விஞ்ஞானமும் அதையே சொல்கிறது. சுத்தமான உப்பு காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையத் தொடங்கும், கடல் உப்பு அதற்கும் கொஞ்சம் முந்தி. பூசணம் செழிக்கத் தொடங்குவதும் அந்த அளவை ஒட்டித்தான். ஒரு கருவியும் இல்லாமல் அடுப்படியில் கண்டுபிடித்த கணக்கு அது.

சுவரைச் சுத்தம் செய்ததைச் சொல்கிறேன், இதில் தப்பு செய்தால் உடம்பைப் பாதிக்கும். அத்தையை மூன்று நாளைக்கு நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே வீட்டு ஓதம், பூசணம் பற்றித் தனி வழிகாட்டி வெளியிட்டு, ஆஸ்துமாவுக்கும் இருமலுக்கும் அதோடு உள்ள தொடர்பைச் சொல்லியிருக்கிறது. இழுப்பு உள்ளவர்களை வைத்துக்கொண்டு சுவரைச் சுரண்டக் கூடாது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்திக்கொண்டேன். மூக்கை இறுக மூடும் என்95 மாஸ்க், கையில் ரப்பர் உறை. காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டினால் அறை முழுக்கப் பறக்கும், அதனால் முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, பழந்துணியால் ஒற்றி எடுத்து, துணியை அப்படியே கவரில் கட்டிப் போட்டேன். மூன்றுக்கு மூன்று அடி அளவுவரை வீட்டிலேயே செய்யலாம், அதற்கு மேல் பரவியிருந்தால் ஆளைக் கூப்பிடுவது நல்லது என்பது பொதுவான அளவுகோல். எங்களுடையது அந்த அளவைத் தொட்டு நின்றது.

ப்ளீச் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, கெஞ்சிக் கேட்கிறேன். ப்ளீச்சோடு பாத்ரூம் ஆசிடையோ டாய்லெட் கழுவும் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தால் வருவது குளோரின் வாயு, சின்ன அறையில் அது உயிரைக் குடிக்கும். 'ரெண்டும் சேர்த்தா இன்னும் சுத்தமாகும்' என்று செய்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ப்ளீச்சு ஓடு, கண்ணாடி மாதிரி வழவழப்பான இடத்தில் நன்றாக வேலை செய்யும். பூச்சுச் சுவரிலும் மரத்திலும் மேல் நிறத்தை வெளுத்துவிட்டு, அதிலிருக்கும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். பார்வைக்கு வெள்ளையாகி, ஒரு மாதத்தில் மறுபடி கறுக்கும்.

உடனே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், ஆடிக்கு முன் வேலையை முடிக்கும் அவசரம் அவருக்கு. ஓதம் தாங்கும் பெயிண்ட் என்று கடையில் சொன்னார்களாம். உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு மேலே எதைப் பூசினாலும் அது மூடி போட்ட பானைதான், கொப்பளித்து உரியும். நான் விடவில்லை. பீரோவைச் சுவரை விட்டு அரை அடி தள்ளிவைத்து, பகலில் ஜன்னலும் டேபிள் ஃபேனுமாக ஆறு வாரம் காயவிட்டு, ஒரு கண்ணாடித் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி, ரெண்டு நாள் கழித்து அதன் பின்னால் ஆவி கட்டவில்லை என்று பார்த்த பிறகுதான் சுண்ணாம்பு அடித்தோம்.

போட்டோவை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சட்டத்திலிருந்து எடுத்து, முதலில் அப்படியே போனில் படம் பிடித்துக்கொண்டேன். பிறகு நிழலில், காற்று வருகிற இடத்தில், முகம் மேல்நோக்கி மூன்று நாள் காயவைத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகு, வாசலில் உட்கார்ந்து, குழந்தைகள் வரைகிற மெல்லிய பிரஷ்ஷால் ஒரு திசையாக ஒதுக்கி ஒதுக்கி எடுத்தேன். முகம் பிழைத்தது. இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு வெளிறல் மட்டும் நின்றுவிட்டது.

ஆகஸ்டில் அக்கா வீட்டுக்குப் போனபோது காற்றின் ஈரத்தைக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன், சில நூறு ரூபாய்தான். எங்கள் ஊரிலிருந்து மூணாறு போக பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் போய், சின்னாறில் மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். மறையூர் மழைமறைவுப் பிரதேசம். அங்கே டீக்கடையில் பையிலிருந்து எடுத்துப் பார்த்தால் 62 காட்டியது. அடுத்த 40 கிலோமீட்டர் ஏறி, மூணாறு லயத்தில் அக்கா வீட்டு மேஜையில் வைத்தால் 89. அவள் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு உப்பு ஜாடியே தேவலை, பேட்டரி கேக்காது" என்றாள். மலைச்சரிவை ஒட்டிய பின்சுவரில் அவள் ஒரு பொருளும் சாய்த்து வைப்பதில்லை. துணி அலமாரி அடுப்படிச் சுவரோரம். பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், மூட்டுவலி மாத்திரை பாட்டிலில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு. கற்பூரமும் வசம்பும் பூச்சிக்குத்தான் ஆகும், ஈரத்தைக் குடிக்காது என்று அவளே சொன்னாள். 2018 ஆகஸ்ட் பெருமழையில், செறுதோணி அணையின் மதகுகளை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்த அந்த மாதத்தில், சரிவிலிருந்து ஊறிய தண்ணீரில் அவள் வீட்டுப் படுக்கைகள் இரண்டும் பூத்து, இரண்டையும் எரித்தார்கள். பஞ்சு மெத்தை உள்ளே பூத்துவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை. அந்த வருஷம் கற்றதெல்லாம்தான் அவள் வீட்டு ஒழுங்கு.

அவள் வீட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் பள்ளிவாசல் நீர்மின் நிலையம், 1940இல் தொடங்கியது, கேரளத்திலேயே முதலாவது. திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாக அவள் ஊர் மழையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த மழையில் ஒரு பங்கு கம்பி வழியாக வந்துதான் எங்கள் வீட்டில் அத்தைக்குக் குளிர்ச்சி தருகிறது.

இப்போது எங்கள் வழக்கம் எளிது. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுகிறோம், அதற்கு ஆள் வேண்டாம். காலையில் ஏசியை நிறுத்துமுன் கால் மணி நேரம் வெறும் ஃபேனில் ஓடவிடுகிறேன், காயிலும் ப்ளோயரும் காய்ந்துவிடும். ஏசியைப் போட்டதும் புளித்த வாசம் வந்தால் அந்த ப்ளோயர் உருளையில் கறுப்பாகப் பூத்திருக்கிறது என்று பொருள், டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும், அதற்கு வாட்டர் சர்வீஸ்தான் செய்ய வேண்டும். மழை நாளில் சூடு இல்லாமல் நசநசப்பு மட்டும் இருந்தால் டிரை மோடில் போடுகிறோம். அறைக்குள் ஈரத்துணி உலர்த்துவதை அடியோடு விட்டுவிட்டோம். மேஜையில் அந்தக் கருவி 60ஐத் தாண்டினால் அத்தையே கூப்பிட்டுச் சொல்கிறார். அவருக்கு இழுப்பு முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், வயசாகிறது. ஆனால் ராத்திரி எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவது நின்றிருக்கிறது.

இந்த வருஷம் மே இரண்டாம் வாரம், வானம் இன்னும் வெளுத்துக் கிடக்கும்போதே, பையனை வரச் சொன்னேன். மெயினை நிறுத்தி, முன்மூடியைக் கழற்றி, காயிலுக்கு அடியில் ட்ரே தெரிகிற இடத்தைக் காட்டினான். "ஊத்துங்க டீச்சர், மெல்ல." ஒரு சொம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அத்தை பின்பக்கம் கறிவேப்பிலைச் செடியடியில் முக்காலி போட்டு, பைப் முனையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொம்பு பாதி காலியாகியும் சத்தமில்லை. நானும் பையனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வந்துருச்சு கண்ணு," என்று குரல் வந்தது பின்னாலிருந்து. "வருது, நல்லாத் தாராளமா வருது. வாளியச் சித்த இப்படித் தள்ளி வெச்சுக்கறேன்."